கடல் சரியில்லை என்று நின்ற ரொக்கெட்

எனக்கு இப்போது ரொக்கெட்டைக் கண்ணில் காட்டக்கூடாது. தொலைக்காட்சியில் நெருப்பும் புகையுமாய் ஒன்று கிளம்பினால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நிறுத்துவேன். மகன் ஒருநாள் கேட்டான், "அம்மா, உங்களுக்கு அது என்ன செய்தது?" என்று. அது ஒன்றும் செய்யவில்லை, பாவம். செய்ததெல்லாம் நான்தான். என்ன செய்தேன் என்று அவனுக்கும் தெரியாது.

எங்கள் வீட்டுக்குள் ரொக்கெட் வந்தது மகளால். அவள் ரொறன்ரோவில் ஓர் ஆய்வுகூடத்தில் எலும்பின் உயிரணுக்களை வளர்க்கிறவள். பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் மிதப்பவர்களுக்கு எலும்பு மெலிந்துபோகுமாம். அதைத் தடுக்கிற மருந்து கிடைத்தால் இங்கே நிலத்தில் நடக்கிற வயதானவர்களுக்கும் உதவும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. "உங்கட இடுப்பெலும்புக்கும் சேத்துத்தான் அம்மா" என்பாள். அந்த நிலையத்துக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஆளில்லாத சரக்கு விண்கலம் ஒன்று போகும். சாப்பாடு, உடுப்பு, மாற்றுச் சாமான், அவற்றோடு இவளுடையது போன்ற ஆராய்ச்சிப் பெட்டிகள். நான் மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற இடத்தில் பதினெட்டு வருடம் கால்கடுக்க நின்றவள். அதனால் சாமான் ஏற்றுகிற கதை எனக்கு உடனே விளங்கியது. பழுதாகாததை முதலில் ஏற்றுவார்கள், உயிருள்ளதைக் கடைசியில் ஏற்றுவார்கள். அவளுடையது கடைசியில் ஏறுகிற பெட்டி.

முதல் தடவை அனுப்பியபோது பெட்டிக்குள் ஏதோ ஒரு குழாய் அடைத்து, எல்லாம் செத்துத் திரும்பி வந்தது. மூன்று நாள் அறைக்கதவைத் திறக்காமல் கிடந்தாள். இரண்டாவது தடவை இடம் கிடைக்க ஐந்து வருடம் காத்திருந்தாள். கலியாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "பெட்டி போகட்டும்" என்றாள். இதுவும் சரிவராவிட்டால் ஆராய்ச்சியும் இல்லை, வேலையும் இல்லை என்று மேலதிகாரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பெட்டியை நிரப்பப் பழகியவள் அவள் ஒருத்திதான் என்பதால், கார்த்திகை மாதம் அவளே புளோரிடாவுக்குப் போனாள். "செவ்வாய்க்கிழமை ஏவுவினம், வியாழக்கிழமை வீட்டிலை நிப்பன்" என்றாள்.

அவளைவிட இவருக்குத்தான் புளுகம், தலைகால் தெரியாத சந்தோசம். இவர் என்றால் என் கணவர். ஸ்காபரோவில் நகர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகளின் ரொக்கெட்டைப் பற்றிப் படிக்காத செய்தி இல்லை. அதன் அடித்துண்டு மேலே போய் வேலையை முடித்துவிட்டு, கடலில் நிற்கிற ஒரு தட்டைக் கப்பலில் திரும்ப வந்து நிமிர்ந்து நிற்குமாம். கழுவித் துடைத்து மறுபடி அனுப்புவார்களாம். "இந்தத் துண்டு எத்தினையோ தரம் போய் வந்தது, தெரியுமோ உமக்கு? எங்கட கராஜிலை பஸ்சை உப்பிடிப் பாத்திருந்தா நான் நடுரோட்டிலை நிண்டிருக்க மாட்டன்" என்று மீன்கடைக்காரனை நிறுத்திவைத்துச் சொல்வார். அந்த ஆள் கையில் விளைமீனோடு ஓம் ஓம் என்று தலையாட்டுவான். எனக்கு வெட்கமாக இருக்கும். உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை இவருக்கு மூச்சு எடுக்கவில்லை. ஏற்கெனவே பலவீனமான இதயம். நெஞ்சில் நீர் கோத்துவிட்டது. அம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவில் கட்டிலில் படுக்கவைத்த கையோடு முகமூடியை இழுத்து விலக்கிக்கொண்டு இவர் சொன்ன முதல் வார்த்தை, "பிள்ளைக்குச் சொல்லாதையும். ரொக்கெட் போகட்டும்."

பிக்கரிங்கில் இருந்து ஓடிவந்த மகனும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டான். டொக்டரும் பயப்படத் தேவையில்லை, நாலைந்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார். நாங்கள் சரி என்றோம்.

எங்கள் ஆட்களிடம் இது ஒரு பழக்கம். தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் கெட்ட சேதியை உடனே சொல்லமாட்டோம். சோதனை முடியட்டும், விசா கிடைக்கட்டும், பிள்ளை பிறக்கட்டும் என்று அமுக்கி வைத்திருப்போம். இந்த மகளை நான் ஏழு மாதம் சுமந்துகொண்டிருந்தபோது ஊரில் என் அம்மா செத்துப்போனா. எனக்குச் சொல்லவில்லை. ரெலிபோன் எடுத்தால் "அம்மா கோயிலுக்குப் போட்டா, அம்மா மாமி வீட்டை போட்டா" என்று அக்கா கதைவிடுவாள். பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் கழித்துத்தான் சொன்னார்கள். நான் அழுத அழுகைக்கு மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்கள். அக்காவோடு இரண்டு வருடம் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. அப்படிப்பட்ட நான்தான் அதே காரியத்தை என் பிள்ளைக்குச் செய்தேன். சூடு சுரணை உள்ள மனுசி செய்வாளா?

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கட்டிலில் சாய்ந்திருந்தபடி இவர் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கில் ஒட்சிசன் குழாய். எண்ணிக்கை குறைந்து குறைந்து வந்து, சில நிமிடம் இருக்கும்போது நின்றுவிட்டது. இடிமுகிலாம். இவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, தாதி ஓடிவந்தாள். "நான் பனி கொட்டேக்கையும் பஸ் எடுத்தனான். இவை ஒரு முகிலுக்கு நிக்கினம்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். நான் நடைவழிக்கு ஓடி, ஒரு வெறும் சுவரைத் தேடி அதற்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"ஸ்கிரப் பண்ணிட்டாங்கள் அம்மா, இண்டைக்கு ஏவேல்லை. இனி வியாழக்கிழமைதான். நான் உயிரணு முழுக்க எடுத்துப்போட்டு புதுசாப் போடவேணும். மேலை கொண்டுபோய்ப் பூட்டாமல் அது பெட்டிக்குள்ளை கனநேரம் இருக்காது. அப்பா எங்கை?"

"குளிக்கிறார்."

"இந்த நேரத்திலையோ?"

"நீ எண்ணெய் வைச்சு முழுகெண்டு சொல்லி விட்டாய் எல்லே, இப்பதான் ரோசம் வந்திருக்கு" என்றேன். என்னுடைய வாய்க்கு எங்கே இருந்துதான் பொய் வந்ததோ! அவள் சிரித்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

புதன்கிழமை இவர் கஞ்சி குடித்தார். கட்டிலால் இறங்கிக் கதிரையில் இருந்தார். அன்றைக்கு ஒருதரம் மகளோடு குரலில் மட்டும் கதைத்தார். தடிமன் பிடித்திருக்கிறது, அதனால்தான் குரல் அடைத்திருக்கிறது என்றார். இரண்டு பேரும் காற்று, முகில், எரிபொருள் என்று ஏதோ கதைத்தார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு தோடம்பழம் உரித்தேன். இனி எல்லாம் நல்லாகிவிடும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை முகிலே இல்லை. நீல வானம். ரொக்கெட் பளிச்சென்று நிற்கிறது. ஆனால் மத்தியானமே அறிவித்துவிட்டார்கள், இன்றைக்கு இல்லையென்று. மகள் கூப்பிட்டபோது அழுகை முட்டிய குரலில் கதைத்தாள்.

"மேலை எல்லாம் ஓக்கே அம்மா. கடல்தான் சரியில்லை. அடித்துண்டு வந்து இறங்கிற இடத்திலை அலை கூடவாம். கப்பல் ஆடுதாம். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வெயிட் பண்ணவேணும்."

"போறதுக்குத் தடையில்லையோ?"

"இல்லை. திரும்பி வாறதுக்குத்தான்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "உந்தக் கோதாரி விழுந்த துண்டு கடலுக்குள்ளை விழுந்தால் விழட்டுமே! ஒருக்கா விட்டுத் துலைச்சா என்ன, குடியே முழுகிப்போகும்?" என்று கத்தினேன். நடைவழியில் போன ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, திருப்பிப் பாவிக்கிறதுதானே முழுப் பொயின்டும். அது வந்தாத்தானே அடுத்த தரம் போகலாம்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஏன் அம்மா உவ்வளவு கோபம்? அங்கை ஒண்டும் பிரச்சினை இல்லைத்தானே?"

"இஞ்சை என்ன பிரச்சினை? நீ சாப்பிடாமல் நிக்கிறாய் எண்டுதான் கோபம்" என்றேன்.

அவள் சொன்னது நியாயம்தான். எனக்கும் விளங்கியது. ஆனால் ஒரு இரும்புத் துண்டு பத்திரமாக வீடு வந்து சேரவேண்டும் என்று அத்தனை பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்களே, என் பிள்ளை வீடு வர யார் பார்த்தார்கள் என்று எனக்கு ஆத்திரம். பார்த்திருக்கவேண்டிய ஆள் நான். அது அப்போது புத்தியில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை இவருக்குச் சிறுநீர் போவது குறைந்தது. கால் வீங்கியது. டொக்டர் எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய், சிறுநீரகமும் களைத்துவிட்டது, குடும்பத்தில் தூரத்தில் யாரும் இருந்தால் வரச்சொல்லுங்கள் என்றார். வெளியில் வந்ததும் மகன் கைப்பேசியை எடுத்தான்.

"வை கீழை" என்றேன்.

"அம்மா, திஸ் இஸ் நொட் ஓக்கே. அக்காவுக்குச் சொல்லவேணும்."

"சொல்லி? அவள் பெட்டியை அப்பிடியே போட்டுட்டு ஓடி வருவாள். அஞ்சு வருசம் போயிடும். அப்பா எழும்பி வந்து, ஏன் சொன்னனீங்கள் எண்டு கேட்டா நீ என்ன மறுமொழி சொல்லுவாய்?"

"அப்பா எழும்பாட்டி?"

நான் அவனைக் கைநீட்டி அடித்திருப்பேன். முப்பது வயது ஆம்பிளைப் பிள்ளை. "விசர்க் கதை கதையாதை! அப்பாவே சொன்னவர், உன்ரை காதாலை கேட்டனி எல்லே" என்றேன். அவன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்று அழுதான். அவனுக்குச் சரியாகப் பட்டது எனக்குப் படவில்லை. நான் ஒரு பிடி பிடித்தால் விடுகிற ஆள் இல்லை. இந்தக் குணத்துக்காக இவர் என்னை வாழ்நாள் முழுக்கப் பகிடி பண்ணியிருக்கிறார்.

சனிக்கிழமை மத்தியானம் மகன் கார் தரிப்பிடத்தில் நேரம் நீட்டிவிட்டு வர இறங்கிப் போயிருந்தான். அறையில் நானும் இவரும் மட்டும். வெளியில் ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. இவர் இரண்டு நாளாய்ச் சரியாகக் கதைக்கவில்லை. அன்றைக்குக் கண்ணைத் திறந்து, முகமூடியைத் தானே ஒரு பக்கம் தள்ளிவிட்டு, தெளிவாகச் சொன்னார்.

"பிள்ளையைக் கூப்பிடும்."

"ஆரை, தம்பியையோ? கீழை போட்டான், இப்ப வந்திடுவான்."

"இல்லை. பிள்ளையை. ஒருக்கா முகத்தைக் காட்டும்."

என் கையில்தான் கைப்பேசி. அவளுடைய பெயரை அழுத்தினால் முடிந்தது. அவள் விமானம் ஏறி வரவேண்டியதில்லை. ஒரு நிமிடம் முகத்தைக் காட்டியிருந்தால் போதும். நான் இவரைப் பார்த்தேன். உதடு நீலம் பாய்ந்து, கன்னம் உள்ளே போய், கண் பெரிதாகத் தெரிந்தது. இந்தக் கோலத்தில் அப்பாவைக் கண்டால் பிள்ளை அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். இன்னும் ஒரு நாள்தானே என்று நினைத்தேன்.

"நாளைக்கு ஏவுவினம் அப்பா. கடல் அடங்கியிட்டுதாம். ஒரு நாள் பொறுங்கோ. ரொக்கெட் போன உடனை எடுத்துத் தாறன், ஆற அமர இருந்து கதையுங்கோ" என்றேன்.

"நாளைக்கோ?"

"ஓம், நாளைக்கு."

இவர் என்னை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கோபிக்கவில்லை. கெஞ்சவுமில்லை. கெஞ்சிப் பழக்கமில்லாத மனுசன். ஒருதரம் கோபித்து ஏசியிருந்தால் நான் கூப்பிட்டிருப்பேன் என்று இப்போது எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். பிறகு கண்ணை மூடினார். நான் முகமூடியைச் சரியாகப் பொருத்திவிட்டேன். மகன் வந்து "அப்பா ஏதும் கதைச்சவரோ?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்துமணிக்கு இவர் போய்விட்டார். ரொக்கெட்டுக்கு இன்னும் ஆறு மணித்தியாலம் இருந்தது.

அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். இனி அவளுக்குச் சொல்லி என்ன, காணப்போகிறாளா கதைக்கப்போகிறாளா, அந்தப் பெட்டியாவது போகட்டும். அவன் தன் மனைவிக்கு மட்டும் சொன்னான். ஸ்காபரோவில் ஒரு வாய் அறிந்தால் பத்து நிமிடத்தில் முகநூலில் மலர்வளையம் வந்துவிடும். ஆகவே என் அண்ணனுக்கும் சொல்லவில்லை, மரண அறிவித்தல் போடுகிறவர்களுக்கும் சொல்லவில்லை. இவருடைய கூடப்பிறந்தவர்களும் அன்று பின்னேரம் வரைக்கும் ஒன்றும் அறியாமல் கடைத்தெருவுக்குப் போய் வந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மகள் வீடியோவில் கூப்பிட்டாள். இவருடைய நெஞ்சில் தலைவைத்து அழுததில் என் நெற்றிப் பொட்டு எங்கேயோ விழுந்துவிட்டது. பொட்டில்லாமல் போனால் அவள் கேட்பாள். ஆஸ்பத்திரிக் கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கைப்பையைக் கொட்டிக் கிளறி, ஒட்டுப்பொட்டு மட்டை ஒன்றைக் கண்டெடுத்து, ஒன்றை உரித்து நெற்றியில் வைத்தேன். கோணலாக ஒட்டியது. எடுத்து மறுபடி ஒட்டினேன். கட்டினவர் அங்கே துணி மூடிக் கிடக்க, நான் இங்கே பொட்டுச் சரிபார்த்தேன். என்னைப்போல ஒரு பாவி இருப்பாளா?

"அம்மா, பெட்டி ஏத்தியாச்சு! இந்தமுறை போகும். அப்பாட்டைக் குடுங்கோ."

"அப்பா கடைக்குப் போட்டார் அம்மா. நாலு மணிக்கு ரீவியிலை பாப்பார்."

"தடிமனோடை எங்கை போறார்? ஏசுங்கோ அவரை."

"ஏசுறன்" என்றேன்.

நாலு மணிக்கு மகனும் நானும் ஆஸ்பத்திரித் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து பார்த்தோம். போகட்டும், போய்த் தொலையட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். போனது. சில நிமிடத்தில் அந்தத் துண்டு நெருப்பைக் கக்கிக்கொண்டு கீழே வந்து, கப்பலின் நடுவில் ஒரு ஆட்டமும் இல்லாமல் நின்றது. அங்கே எல்லோரும் கைதட்டினார்கள். மகன் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு விம்மினான்.

அவன்தான் அவளுக்குச் சொன்னான். கைப்பேசியில் அவளுடைய குரல் எனக்கும் கேட்டது. முதலில் "எப்ப?" என்றாள். காலமை பத்து மணிக்கு என்றான். "இல்லை. நான் பன்னிரண்டு மணிக்கு அம்மாவோடை கதைச்சனான். அப்பா கடைக்குப் போனவர்" என்றாள். அதையே மூன்று தரம் சொன்னாள்.

செத்தவீட்டில் எல்லோரும் என்னைத்தான் புகழ்ந்தார்கள். "என்ன திடம் அன்ரி உங்களுக்கு, பிள்ளைக்காக எல்லாத்தையும் நெஞ்சுக்குள்ளை வைச்சிருந்தியளே" என்று கையைப் பிடித்தார்கள். மகள் அப்பாவின் பெட்டியடியில் நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் என் அக்காவைத் திரும்பிப் பார்க்காத மாதிரியே அவளும் இருந்தாள். அதற்கு நான் என்ன உரிமையோடு குறைசொல்ல முடியும்? அப்பாவே அவசரப் பிரிவில் வைத்துச் சொல்லவேண்டாம் என்றவர் என்று தம்பி அவளுக்கு எடுத்துச் சொன்னான். அதற்குப் பிறகுதான் ஒரு நாள் நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்தாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்த சனம் சாப்பிட்டுப் போனபிறகு, நாங்கள் இரண்டு பேரும் குசினியில் நின்றோம். அவள் கோப்பை கழுவினாள், நான் துடைத்தேன். அந்தக் கிழமைதான் அவளுடைய பெட்டி விண்வெளியில் இருந்து திரும்பி வந்திருந்தது. உயிரணுக்கள் நல்ல உயிரோடு வந்து சேர்ந்தன என்று தம்பியிடம் சொல்லியிருந்தாள். எனக்குச் சொல்லவில்லை. தண்ணீரைத் திறந்து விட்டபடி, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அம்மா, ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ. அப்பா கடைசியா என்னைக் கேட்டவரோ?"

துடைத்து வைத்த கோப்பையையே எடுத்து மறுபடி துடைத்தேன். உண்மையைச் சொன்னால் இந்த ஜென்மத்தில் என் முகத்தில் முழிக்கமாட்டாள் என்று பயந்தேனா, அல்லது அதைத் தாங்கமாட்டாள் என்று நினைத்தேனா? எனக்காகத்தான் பயந்தேன். இப்போது ஒளிக்க என்ன இருக்கிறது.

"இல்லையம்மா. ரொக்கெட் போகட்டும் எண்டு மட்டும்தான் சொன்னவர்" என்றேன்.

அவள் குழாயை மூடினாள். ஈரக் கையோடு வந்து என் தோளில் முகத்தை வைத்து, குழந்தைப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள். "அப்ப சரி. அப்பா என்னைத் தேடியிருப்பாரோ எண்டுதான் நான் இவ்வளவு நாளும்..." என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தாங்ஸ் அம்மா. அவர் சொன்னமாதிரிச் செய்து குடுத்ததுக்கு" என்றாள்.

அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள். இப்போது என்னோடு பழையபடி சிரித்துக் கதைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் நரைத்த தலைக்கு மை பூசிவிடுகிறாள். நல்ல பிள்ளை. தமிழ் நன்றாகக் கதைப்பாள், ஆனால் வாசிக்கத் தெரியாது, நாங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் படிப்பிக்கவில்லை. அந்தத் துணிவில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.